ஓடுறதுக்கு எதுக்கு மூளை?

இது கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் 45 நிமிஷம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள். காபி போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து படித்தாலும் சரி.

போன ஞாயிற்றுக்கிழமை நம்ம வீட்டுக் காதுகுத்தில் நடந்த பேச்சு உங்களில் சிலருக்குத் தெரியும். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த தம்பி மகன் (பெயர் சொல்லவில்லை, அவனே வந்து கமெண்ட்டில் மாட்டிக்கொள்வான்) என் பேத்தியைப் பார்த்து, "எந்நேரமும் கிரவுண்டுலயே கிடக்காளாமே அத்தை, ரெண்டு கணக்கப் போடச் சொல்லுங்க. ஓடுறதுக்கு எதுக்கு மூளை? காலு ரெண்டு இருந்தாப் போதும்" என்றான். பந்தி முழுக்கச் சிரித்தது. பேத்தி இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அவளுக்கு 13 வயசு. ஓடுகிற பாம்பை மிதிக்கிற வயசு என்பார்கள், அந்த வயசுப் பிள்ளை தலை குனிந்தது எனக்குப் பொறுக்கவில்லை. விசேஷ வீடு என்பதால் பாயசத்தோடு சேர்த்து வார்த்தையையும் முழுங்கிவிட்டேன்.

மறுநாள் காலையில் அவள் படிக்கிற பள்ளியிலிருந்து வாட்ஸப்பில் ஒரு செய்தி. காலாண்டுத் தேர்வு முடியும்வரை பி.டி. பீரியடு கிடையாது, அந்த நேரத்தில் கணக்கு சிறப்பு வகுப்பு நடக்கும், பெற்றோர் ஒத்துழைக்கவும். அதற்குக் கீழே கைகூப்பும் படம் முப்பது, நாற்பது. ஒரு தாய் தகப்பன்கூட ஏன் என்று கேட்கவில்லை.

கேட்கிற யோக்கியதை எனக்கும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கும் அறிவியலும் எடுத்தவள் நான். எத்தனை பி.டி. பீரியடைப் பிடுங்கியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். "போர்ஷன் முடியல, எல்லாரும் உள்ள வாங்க" என்று வராந்தாவில் நின்று கத்தியவள் நானேதான். பந்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, உள்ளே வந்து உந்தம், முடுக்கம், மையநோக்கு விசை என்று கரும்பலகையில் எழுதினேன். வெளியே ஓடிக்கொண்டிருந்ததே அதுதான் என்பது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. ஓய்வு பெற்று, பேத்தியோடு மைதானத்தில் நிற்க ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது. அதனால் தம்பி மகனே, உன்னைத் திட்டுகிற திட்டில் பாதி எனக்கும் சேர்த்துத்தான்.

விஷயத்துக்கு வருகிறேன்.

ஓட்டத்தின் முதல் கணக்கு ஐந்தாம் வகுப்புப் பெருக்கல். ஒரு அடியின் நீளத்தை, ஒரு விநாடிக்கு எத்தனை அடி என்பதால் பெருக்கினால் வேகம். உசைன் போல்ட் 2009இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடியபோது ஏறக்குறைய 41 அடி வைத்தார். வகுத்துப் பாருங்கள், ஒரு அடிக்குச் சராசரி 2.44 மீட்டர், விநாடிக்கு 4.3 அடி. நம் ஊர்க் கட்டில் ஒன்றின் நீளத்தைவிட அதிகம், ஒரே அடியில்.

இந்தப் பெருக்கலைப் பாதி மட்டும் தெரிந்துவைத்திருப்பவர்கள்தான் ஆபத்து. மைதானத்து ஓரத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு, "காலை நீட்டி வை, இன்னும் நீட்டி வை!" என்று கத்துகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. செல்போனிலும் இப்போது அதையே ஒரு பையன் பாட்டுப் போட்டுச் சொல்கிறான். நீளம் கூடினால் வேகம் கூடும், பெருக்கல்தானே என்று தோன்றும். என் பேத்தியும் அதைக் கேட்டு, ஆடி மாசம் முழுக்கக் காலை நீட்டி நீட்டி வைத்து ஓடினாள்.

வெளிநாட்டில் இருக்கும் அவள் அப்பாவுக்கு அனுப்புவதற்காக ஜூன் மாசம் ஒரு தடவை அவள் ஓடுவதை ஸ்லோமோஷனில் எடுத்திருந்தேன். ஆகஸ்டில் இன்னொரு தடவை எடுத்தேன். இரண்டும் என் போனில் இருந்தன. முன்கால் எலும்பு வலிக்கிறது என்று அவள் ஒருநாள் நொண்டிக்கொண்டு வந்தபோதுதான், சும்மா இருந்த கிழவிக்குப் புத்தி வந்து, இரண்டையும் வைத்து எண்ண ஆரம்பித்தேன்.

என் போன் ஒரு விநாடிக்கு 240 படம் எடுக்கிறது. சுண்ணாம்புக் கோடு போட்ட 100 மீட்டர் நேர்ப்பாதை. ஜூனில் அந்தத் தூரத்துக்கு 61 அடி. ஒரு கால் தரை தொட்டதிலிருந்து மறு கால் தரை தொடும்வரை 67 படம். அதாவது அடி நீளம் 1.64 மீட்டர், விநாடிக்கு 3.58 அடி. நூறு மீட்டருக்கு 17.0 விநாடி. காலை நீட்டி வைத்த ஆகஸ்டில் 58 அடி, ஒரு அடிக்கு 72 படம். நீளம் 1.72 மீட்டராகக் கூடியிருக்கிறது, சபாஷ். ஆனால் விநாடிக்கு 3.33 அடிதான். பெருக்கினால் நூறு மீட்டருக்கு 17.4 விநாடி. ஒரு பக்கம் கூட்டி, மறுபக்கம் அதைவிட அதிகமாகக் குறைத்திருக்கிறாள். அவள் ஓடுவது 400 மீட்டர். அதில் இது ஏறக்குறைய ஒன்றரை விநாடி ஆகும்.

ஏன் இப்படி? படத்தை நிறுத்திப் பார்த்தால் தெரிகிறது. ஜூனில் பாதம் ஏறக்குறைய இடுப்புக்கு நேர் கீழே, கொஞ்சம் முன்னால் விழுகிறது. ஆகஸ்டில் முழங்கால் விறைத்து, குதிகால் முன்னே குத்துகிறது. முன்னால் சாய்வாக ஊன்றிய கால் தரையை முன்நோக்கித் தள்ளும். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி தரை அவளைப் பின்நோக்கித் தள்ளும். ஒவ்வொரு அடியிலும் பிள்ளை பிரேக் போட்டுக்கொண்டே ஓடியிருக்கிறாள். வண்டி மாடு மூக்கணாங்கயிற்றை இழுத்தால் முன்காலை ஊன்றி நிற்குமே, அதே வேலை.

வலிக்கு அது ஒன்றுதான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பழைய காலணி, காய்ந்த கட்டித் தரை எல்லாம் சேர்ந்திருக்கும். மூன்று வாரம் ஓடக்கூடாது என்று டாக்டர் சொன்னார், உட்கார்ந்திருந்தாள். ஆனால் சாதாரண வேகத்தில் ஓடுபவர்கள் விநாடிக்கு வைக்கும் அடியை 5 முதல் 10 சதவீதம் கூட்டினாலே முழங்காலிலும் இடுப்பு மூட்டிலும் சுமை குறைகிறது என்று 2011இலேயே விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அளந்து எழுதிவிட்டார்கள். நம் மைதானத்து ஓரத்துக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

சரி, போல்ட் நீட்டி வைக்கவில்லையா டீச்சர் என்று கேட்பீர்கள். கேட்கணும், அதுதான் நல்ல கேள்வி. அவர் அடி நீளமாக இருப்பது அவர் காலை எட்டிப் போடுவதால் இல்லை. தரையை அவர் தள்ளும் பலத்தால் உடம்பு காற்றில் தூரம் போகிறது. அதோடு அவர் உயரமும் ஆறரை அடி. நீளம் என்பது விளைவு, அதைப் போய்க் காரணம் என்று நினைத்துக்கொண்டோம். அமெரிக்காவில் பீட்டர் வேயண்ட் என்பவரும் உடன் இருந்தவர்களும் டிரெட்மில்லில் விசையை அளந்து 2000ஆம் ஆண்டில் இதைத்தான் வெளியிட்டார்கள். வேகமாக ஓடுகிறவரும் மெதுவாக ஓடுகிறவரும் தங்கள் உச்ச வேகத்தில் காலைக் காற்றில் வீசி முன்னே கொண்டுவர எடுக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றே. வேகமானவர், தரையில் கால் படும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் தரையை அதிக பலத்தோடு தள்ளுகிறார். வித்தியாசம் அங்கேதான்.

அந்தப் பலம் எவ்வளவு என்று எட்டாம் வகுப்புப் பிள்ளையே கண்டுபிடிக்கலாம். இது எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு, அதனால் நின்று சொல்கிறேன். ஜூன் படத்தில் ஒரு அடிக்கு 67 படம் என்றேன் இல்லையா, அதில் கால் தரையில் இருப்பது 38 படம்தான். மீதி 29 படத்தில் பிள்ளை காற்றில் இருக்கிறாள், இரண்டு காலும் தரையில் இல்லை. ஆனால் புவியீர்ப்பு லீவு எடுப்பதில்லை. 67 படமும் அவளைக் கீழே இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்தக் கடன் முழுவதையும் 38 படத்துக்குள் தரை திருப்பிக் கொடுத்தால்தான் அவள் அடுத்த அடிக்கும் அதே உயரத்தில் இருப்பாள். அவள் எடை 40 கிலோ. 40ஐ 67ஆல் பெருக்கி 38ஆல் வகுத்தால் 70 கிலோ சொச்சம். இது சராசரி. விசை ஒரே மட்டமாக இருக்காது, குன்று மாதிரி ஏறி இறங்கும். உச்சி, சராசரியைப் போல ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேலே என்று வைத்தால் 110 கிலோ.

நாற்பது கிலோ பிள்ளையின் ஒற்றைக் காலில் 110 கிலோ. ஒரு மூட்டை அரிசி, அதன் மேல் இன்னொரு மூட்டை, அதுக்கும் மேலே கொஞ்சம். நானூறு மீட்டரில் ஒவ்வொரு காலுக்கும் ஏறக்குறைய 120 தடவை. இதைத்தான் தம்பி மகன் "காலு இருந்தாப் போதும்" என்றான்.

இந்தக் கணக்குக்கு என்ன வேண்டும்? ஒரு போன், கொஞ்சம் சுண்ணாம்பு, பெருக்கல் வகுத்தல். பத்தாம் வகுப்பு அறிவியலில் முதல் பாடமே இயக்க விதிகள்தான். கணத்தாக்கு என்று ஒரு வார்த்தை வரும். விசையை நேரத்தால் பெருக்கு என்று மனப்பாடம் செய்து இரண்டு மார்க் வாங்கிவிடுவார்கள். கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போது கையை ஏன் பின்னிழுக்கிறோம் என்று கேட்டால் ஒப்பிப்பார்கள். நீ மாடிப்படியிலிருந்து குதிக்கும்போது முழங்காலை ஏன் மடக்குகிறாய் என்று கேட்டுப் பாருங்கள், விழிப்பார்கள். நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று விளையாட்டுப் பிள்ளைகள்தான் சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். சுரைக்காயை ஏட்டிலேயே வைத்துப் பூட்டியது நாம்தான்.

இனி சொல்லப்போவதை இத்தனை வருஷம் நான் யாரிடமும் சொன்னதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்து ஐந்தாறு வருஷம் இருக்கும். குறுவட்ட அளவிலான போட்டி. எங்களுடையது போன்ற நடுநிலைப் பள்ளிகளில் அப்போது பி.டி. மாஸ்டர் கிடையாது. யாராவது இரண்டு டீச்சர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவோம். போட்டி நடந்த மைதானம் சின்னது, 200 மீட்டர் ஓடுபாதைதான். 200 மீட்டர் ஓட்டம் என்றால் ஒரு முழுச் சுற்று. கோடு போட்டுக்கொண்டிருந்தவர்கள், வெளிப்பாதைப் பிள்ளைகளை எவ்வளவு முன்னால் நிறுத்துவது என்று குழம்பினார்கள். ஒருவர் கையில் பெரிய மைதானத்துக்கான கணக்கு இருந்தது, 400 மீட்டர் ஓடுபாதையில் ஒரு பாதைக்கு இவ்வளவு என்று. "டீச்சர், நீங்கதான் கணக்கு. இது பாதி மைதானம், எவ்வளவு போடலாம்?" என்று கேட்டார்.

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பாதி மைதானம்னா பாதி போடுங்க" என்றேன்.

உங்களில் எத்தனை பேர் இப்போது தலையில் அடித்துக்கொண்டீர்கள்? அடித்துக்கொண்டால் நான் பாடம் நடத்தியது வீண் இல்லை. வட்டத்தின் சுற்றளவு இரண்டு பை ஆர். பாதையின் அகலம் 1.22 மீட்டர். உள்வட்டத்தின் ஆரம் எதுவாக இருந்தாலும், அடுத்த வட்டத்தின் ஆரம் அதைவிட 1.22 கூடுதல். இரண்டு சுற்றளவுக்கும் வித்தியாசம் 2 × 3.14 × 1.22, அதாவது 7.66 மீட்டர். ஆரம் அடிபட்டுப் போய்விடுகிறது. ஒலிம்பிக் மைதானமாக இருந்தாலும், நம் பள்ளிக்கூட மைதானமாக இருந்தாலும், ஆட்டுக்கல்லைச் சுற்றிக் கோடு போட்டாலும் ஒரு முழுச் சுற்றுக்கு அதே 7.66தான். பாதி என்பதே கிடையாது.

எங்கள் பள்ளிப் பிள்ளை நாலாவது பாதையில் நின்றாள். அவளுக்கு 23 மீட்டர் முன்னால் கோடு இருந்திருக்க வேண்டும். நான் சொன்னபடி பதினொன்றரை மீட்டரில் போட்டார்கள். அவள் 200 மீட்டர் ஓடவில்லை, 211 மீட்டருக்கு மேல் ஓடினாள். முதல் பாதையில் ஓடிய பிள்ளை ஒரு அடிகூட அதிகம் ஓடவில்லை. விநாடிக்கு ஆறரை மீட்டர் ஓடுகிற பிள்ளைக்கு அது ஒன்றே முக்கால் விநாடி. மூன்றாவதாக வந்தாள். இரண்டு பேரைத்தான் மேல்மட்டப் போட்டிக்கு எடுத்தார்கள்.

அழுதுகொண்டே வந்தவளிடம் கூட வந்த பிள்ளைகள், உன் கோடு ரொம்பப் பின்னால இருந்துச்சு, போய்க் கேளு என்றார்கள். அவள், "டீச்சர் சொல்லிப் போட்ட கோடு, தப்பா இருக்காது" என்றாள். எனக்குக் கேட்டது. நான் அவளுக்குக் கலர் வாங்கிக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

தப்பு எனக்குத் தெரிந்தது அதற்கு மூன்று வருஷம் கழித்து. வட்டத்தின் சுற்றளவு பாடம் எடுத்துவிட்டு, பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு வருகிற பஸ்சில் உட்கார்ந்திருந்தபோது. அதற்குள் அவள் பள்ளியை விட்டுப் போய், கல்யாணமும் ஆகிவிட்டதாகச் சொன்னார்கள். வருஷா வருஷம் இரண்டு பை ஆர் எழுதிப் போட்டு, பிள்ளைகளை அடித்துக்கூட மனப்பாடம் செய்ய வைத்தவள், மைதானத்தில் அது காலுக்குக் கீழே கிடந்தபோது பார்க்கத் தெரியாமல் நின்றிருக்கிறேன். அவளுக்கு இந்தப் பதிவு போய்ச் சேர்ந்தால், அம்மா, அன்றைக்கு நீ தோற்கவில்லை. கணக்கு டீச்சர்தான் தோற்றாள். உன் கூடப் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால் அவளிடம் காட்டுங்கள்.

ஆகவே, "படிப்பா, விளையாட்டா" என்று பட்டிமன்றம் நடத்துகிறவர்களிடம் எனக்குச் சண்டைதான். அப்படி இரண்டு அணியே கிடையாது. ஓட்டத்தில் மூளை இல்லை என்று நினைத்ததால், வகுப்புக்குள் இருக்கிறவர் மைதானத்தைப் பூட்டுகிறார். அதே நினைப்பால், மைதானத்தில் இருக்கிறவர் எண்ணாமல், அளக்காமல் கத்துகிறார். இரண்டு பேரும் எதிரெதிர் கட்சி மாதிரி தெரிந்தாலும் சொல்வது ஒன்றுதான். நடுவில் பிள்ளையின் முன்கால் எலும்பு வலிக்கிறது.

நம் மதுரைப் பிள்ளை ரேவதி வீரமணியை எடுத்துக்கொள்ளுங்கள். சக்கிமங்கலத்துப் பெண். சின்ன வயசிலேயே தாய் தகப்பனை இழந்து, பாட்டி ஆரம்மாள் கூலி வேலை பார்த்து வளர்த்தார். பயிற்சியாளர் கண்ணன் அந்தப் பிள்ளையின் ஓட்டத்தைக் கண்டுகொண்டு, தயங்கிய பாட்டியைப் பேசிச் சம்மதிக்க வைத்தார். லேடி டோக் கல்லூரியில் படித்துக்கொண்டே ஓடினார். 2021இல் தகுதிப் போட்டியில் 400 மீட்டரை 53.55 விநாடியில் முடித்து, டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். நாம் எல்லாரும் ஸ்டேட்டஸ் வைத்தோம். என்ன எழுதினோம்? வெறுங்காலோடு ஓடிய ஏழைப்பெண். அதோடு முடிந்தது.

அந்தக் கால் என்ன செய்தது என்று யாராவது கேட்டோமா? 400ஐ 53.55ஆல் வகுத்தால் விநாடிக்கு ஏறக்குறைய ஏழரை மீட்டர். 400 மீட்டர் ஓடுபாதையில் உள்பாதையின் வளைவுக்கு ஆரம் 36.8 மீட்டர். அந்த வேகத்தில் அந்த வளைவில் ஓட மையநோக்கு முடுக்கம் ஒன்றரை மீட்டர்/விநாடி² வேண்டும். உடம்பு கிட்டத்தட்ட ஒன்பது டிகிரி உள்ளே சாய வேண்டும். கோணமானியும் இல்லாமல், யாரும் சொல்லியும் கொடுக்காமல், உடம்பு அதைத் தானாகப் போட்டுக்கொள்கிறது. அந்தப் பிள்ளையின் கதையில் நாம் படித்ததெல்லாம் வறுமை மட்டும்தான். வெறுங்காலைப் பார்த்து உருகியவர்கள், அன்றைக்கே அவருக்கு ஒரு ஜோடி காலணி வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

இந்த வெறுங்கால் விஷயத்திலும் இரண்டு கட்சி இருக்கிறது. ஒருவர் வெறுங்காலில் ஓடினால்தான் நல்லது என்று தினமும் ஃபார்வர்டு அனுப்புகிறார். இன்னொருவர் பதினைந்தாயிரம் ரூபாய்க் காலணி இல்லாமல் பிள்ளையை ஓட விடாதே என்கிறார். எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960இல் ரோமில் மாரத்தானை வெறுங்காலோடு ஜெயித்தார். 1964இல் டோக்கியோவில் காலணியோடு ஜெயித்தார். போதுமா?

இந்த வளைவுக் கணக்கை நம் பள்ளி மைதானத்துக்குப் போட்டால் பயமாகத்தான் இருக்கிறது. 200 மீட்டர் ஓடுபாதையின் வளைவு இறுக்கமானது. ஆரம் 18 மீட்டர் என்று வைத்தால், அதே வேகத்துக்குப் பக்கவாட்டு விசை பெரிய மைதானத்தில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. என் பேத்தி ஓடுகிற வேகத்துக்கே பதினோரு டிகிரி சாயணும். அதுவும் புழுதித் தரையில், தினமும் ஒரே திசையில், இடது கை உள்ளே இருக்கிற மாதிரியே சுற்றுகிறார்கள். பயிற்சியின்போது பாதிச் சுற்றுகளை எதிர்த் திசையில் ஓட விடுங்கள் என்று நான் சொன்னால், "ரூல்ஸ்ல அப்படி இல்லையே டீச்சர்" என்கிறார்கள். ரூல்ஸ் போட்டிக்கு. பிள்ளையின் கால் தினப்படிக்கு.

1984 ஆகஸ்ட் 8, லாஸ் ஏஞ்சலஸ். பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 55.42. வெண்கலம் வாங்கிய ருமேனியப் பெண் 55.41. நூறில் ஒரு விநாடி. அடுத்த நாள் ரேடியோவில் கேட்டுவிட்டு எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அது எவ்வளவு தூரம் என்று அன்றைக்கு நான் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. சராசரி வேகம் 7.2 மீட்டர் என்றால், நூறில் ஒரு விநாடிக்கு 7 சென்டிமீட்டர். என் உள்ளங்கை அகலம். முடிவுக் கோட்டில் கணக்கில் எடுப்பது காலும் தலையும் இல்லை, நெஞ்சுப்பகுதி கோட்டைத் தொடும் நேரம். கடைசி அடியில் நெஞ்சை முன்னே தள்ளுவதும் கணக்குதான். அதையும் மூளைதான் சொல்லிக் கொடுக்கணும்.

கணக்குத் தெரிந்தால் எல்லாரும் உஷா ஆகிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. என் பேத்தி ஒலிம்பிக் போவாள் என்றும் சொல்லவில்லை, அவள் மாவட்டம் தாண்டினாலே பெரிது. நல்ல பயிற்சியாளரின் கண்ணுக்கு முன்னால் என் போன் ஒன்றும் இல்லை. எத்தனையோ பி.டி. மாஸ்டர்கள் பம்பு, பந்து, சம்பளம் எதுவும் சரியாக இல்லாத காலத்தில், சொந்தக் காசில் பிள்ளைகளுக்கு முட்டை வாங்கிக் கொடுத்து ஓட வைத்தவர்கள். அவர்களை "சும்மா விசில் ஊதுறவர்" என்று ஸ்டாஃப் ரூமில் கிண்டல் செய்த கூட்டத்தில் நானும் இருந்தேன்.

பத்தாம் வகுப்பு மார்க் வேண்டாமா என்று தாய்மார்கள் கேட்பீர்கள். வேணும். என் பேத்தி போன பருவத் தேர்வில் கணக்கில் 61 மார்க். பிறகு காலில் வலி வந்து மூன்று வாரம் உட்கார்ந்திருந்தபோது, அந்த இரண்டு வீடியோவையும் அவளிடம் கொடுத்து நீயே எண்ணு என்றேன். தசம வகுத்தல் என்றால் ஓடி ஒளிகிறவள், தன் காலைப் பற்றிய கணக்கு என்றதும் இரவு பத்து மணிவரை உட்கார்ந்து எண்ணினாள். 38 படம் என்று நான் எண்ணியது 37 என்று சண்டை போட்டாள். அவள் எண்ணியதுதான் சரியாக இருக்கும், என் கண்ணாடி பழசு. அடுத்த தேர்வில் எவ்வளவு வாங்குவாள் என்று தெரியாது. வகுக்கப் பயப்படுவதை விட்டுவிட்டாள், எனக்கு அது போதும்.

பள்ளிக்கு நான் ஒரு மனு எழுதியிருக்கிறேன். பி.டி. பீரியடை எடுக்காதீர்கள், வேண்டுமானால் வாரத்தில் ஒரு கணக்கு பீரியடை மைதானத்தில் வைத்துக்கொள்ளுங்கள், சம்பளம் இல்லாமல் நான் வந்து எடுக்கிறேன் என்று. பதில் வரவில்லை. கையெழுத்துப் போட இன்னும் சில பெற்றோர் வேணும். அந்த வகுப்புப் பிள்ளைகளின் அம்மா அப்பா யாராவது இதைப் படித்தால் இன்பாக்ஸில் வாருங்கள். கைகூப்பும் படம் போதாது, பெயரோடு கையெழுத்து வேணும்.

பதில் வரும்வரை சும்மா இருக்கப் போவதில்லை. வருகிற சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, ஆனையூரில் நாங்கள் வழக்கமாக ஓடுகிற மைதானத்தில் இருப்பேன். முப்பது மீட்டர் டேப்பும் ஒரு சட்டி சுண்ணாம்பும் என்னிடம் இருக்கிறது. ஸ்லோமோஷன் எடுக்கிற போன் வைத்திருப்பவர்கள் கொண்டுவாருங்கள், பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். முதல் வேலை, நாலு பாதைக்கும் கோடு சரியாகப் போடுவது.

தம்பி மகனே, நீயும் வா. வரும்போது உன் எடையைப் பார்த்துக்கொண்டு வா. நீ ஓடும்போது உன் காலில் எத்தனை கிலோ விழுகிறது என்று என் பேத்தி கணக்குப் போட்டுச் சொல்வாள்.